உதட்டோரத்துப் பரு

காரக் கரைசலில் கொதித்த கரும்புச் சக்கையோடு ஓர் எலியும் வெந்து கூழாகிவிட்டதை ஆய்வு மாணவி செண்பகம் மட்டுமே பார்த்தாள். ஆய்வு வழிகாட்டியான மேடம் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், அந்தக் கரிய சாற்றிலிருந்தே லிக்னின் என்ற தாவரப் பொருளைப் பிரித்துப் பருவுக்கான களிம்பாகக் குழைத்துக் கொடுத்துவிட்டாள்.

களிம்பை வாங்க வந்திருந்த சோப்புக் கம்பெனிக்காரர் டப்பாவை முகர்ந்து மூக்கைச் சுளித்தார். "என்ன மேடம், செத்த எலி வாடை அடிக்குது?"

"முழுக்கத் தாவரம் சார், தின்னாக்கூட ஒண்ணும் ஆகாது," என்று மேடம் சிரித்தார். "எதுக்கு வெறும் பேச்சு? இவ உதட்டோரத்துலயே பரு இருக்கு. வாடி இங்க."

களிம்பு அப்பிய மேடத்தின் விரல் செண்பகத்தை நெருங்கியது. உண்மையைச் சொல்வதென்றால் இப்போதே சொல்லியாக வேண்டும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். விரலோ உதட்டில் ஊரத் தொடங்கியிருந்தது.