ஒரே ஒரு கோல்

எண்பது நிமிடம் ஓடியும் ஒரு கோல் விழவில்லை. கோட்டுக்கு வெளியே மண்டியிட்டுக் கேமராவும் கையுமாகக் காத்திருந்த இளங்கோவுக்கு முட்டி மரத்துப் போயிருந்தது. பொறுமையும் தீர்ந்துகொண்டிருந்தது.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு படம், பந்து வலைக்குள் விழும் அந்த நொடி. புகைப்படப் போட்டிக்கு ஆன்லைனில் படம் அனுப்ப இன்று மாலை ஆறு மணிதான் கடைசி. படம் தேறினால் சென்னைக் கண்காட்சியில் பெரிதாக மாட்டுவார்கள். தன் மலையூரான செம்மேட்டில் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் படம் எடுத்தே காலம் போய்விடுமோ என்ற அவன் பயமும் தீரும்.

இதற்காக மூன்று ஞாயிறாக வீட்டுக் காரியம் ஒன்றுக்கும் நிற்காமல், மலையில் பந்து உருண்ட இடத்துக்கெல்லாம் ஓடினான். முதல் வாரம் மூடுபனி. அடுத்த வாரம் பேட்டரி தீர்ந்தது. போன வாரம் கோல் விழுந்த நேரம் பார்த்து ஒரு மாடு குறுக்கே வந்து, கேமராவை நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

வளப்பூரில் இன்று மேட்ச் என்று சொன்னதே அவன் அம்மா பாவாயிதான். பந்து என்றாலே எரிந்து விழுகிறவள், புதுச் சட்டையை இஸ்திரி போட்டு, மாட்டிவிட்டு, பஸ் ஏற்றியும் விட்டாள். அம்மா மனம் மாறிவிட்டாள் என்று இளங்கோவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனால் இப்படியொரு மேட்சை அவன் கண்டதில்லை. ஆடியவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. நாற்றுக்குப் போடும் பச்சை வலையைக் கோலுக்குக் கட்டியிருந்தார்கள். அதன் பக்கம் பந்து வந்தால் போதும், எதிரெதிர் அணிக்காரர்கள் இருவர் பந்தை நடுவில் வைத்துக்கொண்டு உபசாரத்தில் இறங்கிவிடுவார்கள்.

"நீங்க அடிங்க மாமா!"

"அட, மொதல்ல நீங்க அடிங்க மாப்ள. நான் பொறவு அடிச்சுக்கறேன்."

இதற்கு நடுவில் பந்து பத்துத் தடவை வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ரெஃபரி சின்னமுத்து இளங்கோவைத்தான் கூப்பிட்டார். "அந்தப் பந்தை எடுத்துப் போடுங்க சாமி!" அவன் நடந்து போய்க் குனிந்து எடுத்து வரும்வரை இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

போதாக்குறைக்கு, சிவப்புக் கொடி பிடித்த லைன் ரெஃபரி சுஜிதா வேறு. சின்னமுத்துவின் மகள். பந்து அந்தக் கோடியில் கிடக்க, அவள் இவன் பக்கத்திலேயே நின்றாள்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எந்தப் படத்துலயும் உங்க கொடிதான் உழுகுது."

"உழுந்தா என்னுங்க? நல்லாத்தான இருக்குது."

தொண்ணூறு நிமிடம் தாண்டியது. நூறும் தாண்டியது. விசில் மட்டும் ஊதக் காணோம்.

"ஏனுங்க, எப்பங்க முடிப்பீங்க?" என்று இளங்கோ கத்தினான்.

"கொடி தூக்கோணுமில்லீங்க? தூக்குனாத்தான் ஊத முடியும்," என்றார் சின்னமுத்து.

எந்த ஊர்க் கால்பந்திலும் அப்படியொரு சட்டம் கிடையாது. மணி ஐந்து நாற்பது. இளங்கோ நேராக ஓடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் காத்துக்கொண்டிருந்த அர்த்தனாரியிடம் போய் நின்றான்.

"உங்க கால்ல உழுகறேனுங்க. ஒரே ஒரு கோல் உடுங்க!"

"நான் உடறேனுங்க. அடிக்கத்தான் ஒருத்தரும் மாட்டேங்கறாங்க. மச்சான் மேல பந்தை அடிச்சுப்போட்டு நாளைக்கு விசேஷத்துல எப்படிங்க மொகம் பாக்கறது?"

இளங்கோவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு முடிவோடு திரும்பி வந்து, உயிருக்குயிரான கேமராவைச் சுஜிதாவின் கையில் வைத்தான்.

"பந்து வலைக்குள்ள போறப்ப இந்தப் பட்டனை அமுத்துங்க. உங்களைத்தான் நம்பிப் போறேனுங்க."

"கை நடுங்காமப் புடிக்கறேனுங்க. போயிட்டு வாங்க," என்றாள் அவள்.

ஓடினான். சேற்றில் வழுக்கி விழுந்து, புதுச் சட்டை மண்ணாகி, எழுந்து மறுபடி ஓடி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டான். அர்த்தனாரி விருந்தாளிக்கு வழி விடுகிறவர் போல ஒதுங்கிக்கொள்ள, பந்து வலையில் போய் விழுந்தது. கோல்! இளங்கோ அர்த்தனாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். சேற்று முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்தான்.

சுஜிதா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கொடியைத் தூக்கினாள்.

சின்னமுத்து மூச்சுப் பிடித்து விசிலை ஊதினார். இருபத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஆடினார்கள். யார் ஜெயித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இளங்கோ பறந்து வந்து கேமராவை வாங்கிப் பார்த்தான். அவள் எடுத்தது ஒரே ஒரு படம். அதில் பந்தும் இல்லை, வலையும் இல்லை. திரை நிறைய, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அவன் முகம்தான் இருந்தது.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே! கோல் எங்கீங்க?"

சுஜிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடிவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்தான். அம்மா.

"ஏங்கண்ணு, உன்னைய மாப்பிள்ளை பாக்க வந்த பொண்ணு கொடி தூக்குச்சா, இல்லியா?"