முத்தாயம்மாளின் கை

“கண்ணை மூடிக்குங்க. நான் தொட்டதும் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

குழந்தைவேல் கட்டிலில் கால் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். சுவரோரம் நின்ற முத்தாயம்மாள், பைக்குள் இருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சற்று முன் பார்த்த எக்ஸ்ரேயில் அவள் வீட்டுக்காரரின் கணுக்கால் எலும்புகள் நொறுங்கிச் சரிந்து கிடந்தன.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம். முறிந்தது தெரியாமலே நடந்திருக்கிறார். இனி ஊன்றினால் காலே மிஞ்சாது என்றார் டாக்டர். வீக்கத்தை இப்படி அழுத்தித் தேய்த்தது யார் என்றும் கேட்டார்.

“நானேதானுங்க” என்றார் குழந்தைவேல், அவள் பக்கம் திரும்பாமல்.

முத்தாயம்மாள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். இரட்டை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு நிற்காது என்று பரமத்தி வேலூரைச் சுற்றி அத்தனை பேருக்கும் நம்பிக்கை. வெற்றிலைக் கொடிக்காலில் ஏணி சறுக்கி விழுந்தவர்கள் நேரே அவள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

குழந்தைவேலின் காலே வீங்கியபோது பக்கத்து வீட்டு ஆராயி விடவில்லை.

“ஊருக்கெல்லாம் சுளுக்கு வழிச்சு உடறவ, ஊட்டுக்காரர நொண்ட உட்டுட்டாளே.”

அந்தச் சொல் தைத்துவிட்டது. ஒன்பது நாள், காலையும் மாலையும், எண்ணெய் தொட்டு நீவி வழித்தாள். ஏழாம் நாள் உள்ளே ஏதோ களுக்கென்றது. சுளுக்கு விட்டுப்போயிற்று என்று சாமியைக் கும்பிட்டாள்.

அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இமை கொட்டாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பெருவிரல் போகிற போக்கிலேயே சொல்லிக்கொண்டு வருவார்.

“அங்கதான் புள்ள. சொகமா இருக்குது.”

முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் இப்படிப் பார்த்ததில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றை அவர் பாதத்தில் ஊன்றினார். அது வில்லாக வளைந்தது. கால் பெருவிரலில் ஊன்றினார். குதிகாலில் ஊன்றினார். கடைசியில் இழையை வைத்துவிட்டு, அவள் வழித்த அதே இடத்தை முழுக்கையால் பற்றினார்.

குழந்தைவேல் கண்ணைத் திறக்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்தார்.

“தொடுங்க சாமி” என்றார் பிறகு. “நான் பார்க்கலீங்க.”