பச்சைப் பொட்டலத்தின் காவல்

"போச்சு! மறுபடியும் போச்சு!"

மனைவி யுன்-ஷானின் குரல் கேட்டதும், ஜுன்-ஹோங் நூடுல்ஸ் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தான். கணினியின் திரை இருண்டு கிடந்தது. சற்றுப் பொறுத்து, ஒன்றுமே நடவாததுபோல் அது தானாகவே மீண்டும் உயிர்பெற்றது.

"எவ்வளவு தூரம் போயிருந்துச்சு?"

"பாதி தாண்டிடுச்சு. இனி முதல்லேர்ந்துதான். ஆறு மணிக்குள்ள படம் தைப்பே போய்ச் சேரலைன்னா, தொடரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. உனக்குப் புரியுதா இல்லையா?"

ஆந்தையும் மின்மினியும் நட்புக் கொள்ளும் கதை அது. குழந்தைகள் தொலைக்காட்சிக்காக அவள் வரைந்த முதல் அசைவுப்படம். காட்சிகளைக் கோத்து முழுப் படமாக்கக் கணினி பிற்பகல் முழுவதும் இடைவிடாமல் ஓட வேண்டும். இனி ஒரே ஓட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது.

அந்தக் கணினியை உதிரிப் பாகங்கள் வாங்கித் தன் கையாலேயே பூட்டியவன் ஜுன்-ஹோங். தைவானின் ஷின்சு நகரில் சிப் தொழிற்சாலைப் பொறியாளன். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்தான்.

"நினைவகத்தைக் கழட்டி மாட்டியாச்சு. சூடு ஏறல. விசிறி எல்லாம் சுத்துது. எதுன்னே பிடிபடலையே!"

"கடையில வாங்கியிருந்தா கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுக்கலாம். உன்னை எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது?"

அவள் பார்வை பெட்டியின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தில் விழுந்தது. தேங்காய் மணக்கும் சோளப்பொரி. மேலே 'சமர்த்து' என்று பொருள்படும் பெயர். காவலாகத் தலைமேல் இந்தப் பொட்டலம் இல்லாத இயந்திரத்தை அவ்வூரில் காண்பது அரிது. பொட்டலம் பச்சை நிறமாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது, பிரிக்கவே கூடாது. அப்போதுதான் இயந்திரம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

"தேதி முடிஞ்சிருக்கும். எடுத்துப் பாக்கறேன்."

"தொடாதே!" ஜுன்-ஹோங் பதறினான். "தேதியெல்லாம் நான் பாத்துட்டேன். அதை நகர்த்தவே கூடாது. எங்க ஃபேக்டரில ஒருத்தன் நகர்த்தி, ஒரு மெஷின் வரிசையே நின்னு போச்சு."

"அடடா! இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு கல்யாணத்தன்னிக்கு எங்க அப்பாகிட்டயே சொன்ன பொறியாளர் யாரு?"

"அது அப்போ," என்றான் அவன், தலை நிமிராமல்.

எதற்கும் அஞ்சாதவனே அஞ்சுகிறானே என்று யுன்-ஷான் எண்ணினாள். மறுபடி ஓட்டத்தைத் தொடங்கினாள். இருவரும் திரையைப் பார்த்தனர். ஆந்தை கண் விழிப்பதற்குள் திரை மீண்டும் இருண்டது.

"போதும்! நீயும் உன் ஆராய்ச்சியும்!"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினாள். புதிய பச்சைப் பொட்டலத்தோடு திரும்பியவள், கணவன் குறுக்கே வருவதற்குள் பழையதைத் தூக்கி மேசைமேல் எறிந்தாள்.

பொட்டலம் இருந்த இடத்திலிருந்து ஒரு கோடு ஊர்ந்தது. மூடியின் காற்றுத்துளை வழியே, நேர் கீழே இருந்த மின்வழங்கிப் பெட்டிக்குள் இறங்கியது.

"எறும்பு!" என்றாள் அவள்.

"மூடியிருக்கற பெட்டின்னு அதை மட்டும் நான் பாக்கவே இல்லையே! எறும்பு உள்ள போய்த்தான் கரண்ட் அறுந்து அறுந்து போயிருக்கு!"

ஜுன்-ஹோங் மின்வழங்கியைக் கழற்றித் தட்டினான்; செய்தித்தாள்மேல் எறும்புகள் கொட்டின. பரணிலிருந்த பழைய கணினியின் மின்வழங்கியை எடுத்துப் பூட்டினான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

இம்முறை கணினி நிற்கவில்லை. ஆறு மணி அடிக்கச் சற்று முன்பு, ஆந்தையும் மின்மினியும் தைப்பே போய்ச் சேர்ந்தன.

யுன்-ஷான் நாற்காலியில் சாய்ந்தாள். "எல்லாம் சரி. ஒண்ணுதான் புரியல. பிரிக்காத பொட்டலத்து வாசம் எறும்புக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நூடுல்ஸ் ஆறிப் போயிருக்கும்," என்று ஜுன்-ஹோங் அவசரமாகச் சமையலறைக்கு நடந்தான்.

அவள் பழைய பொட்டலத்தைப் புரட்டினாள். முதுகில் நீளமாக ஒரு வெட்டு. அதன்மேல், மின்கம்பிகளைச் சுற்ற அவன் வைத்திருக்கும் கறுப்பு ஒட்டுநாடா. உள்ளே, பொரிக்குப் பதிலாகக் கசக்கித் திணித்த காகிதம்.

"ஒரே ஒரு வாய்தான் தின்னு பாக்கணும்னு நினைச்சேன்," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.