மூன்றாவது அடி

பிராங்க்ளினின் முப்பதாம் நாள் பூசையில், அவன் கடைசியாக மெட்டுப்போட்ட பாட்டையே பாட வேண்டும் என்று அவன் மனைவி லிசி ஆசைப்பட்டாள். கோயில் பாடகர் குழுவில் அவனோடு பாடிய ஜெபராஜ், அதைச் சரிசெய்து கொடுக்கக் காலையிலேயே தென்னூர் வீட்டுக்கு வந்துவிட்டான். பிராங்க்ளினின் கீபோர்டைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். கம்ப்யூட்டர் தாளம் கொடுக்கும். கீபோர்டு தன்னில் பதிந்திருக்கும் மெட்டை அந்தத் தாளத்துக்கு வாசிக்கும்.

பாட்டின் மூன்றாவது அடியில் கீபோர்டு மட்டும் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. ஜெபராஜ் எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டான். இம்முறை இன்னும் அதிக நேரம் நின்றது.

"அந்த இடத்துல அவருக்கு மூச்சு வாங்கும்ண்ணே," என்றாள் லிசி.

பிராங்க்ளின் இறந்ததும் ஆஸ்துமாவில்தான். ஜெபராஜ் கேபிளைப் பிடுங்கினான். கீபோர்டு முதல் அடியிலிருந்து தானாக வாசிக்கத் தொடங்கியது. மூன்றாவது அடியில் நின்றது. திரையில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு திரும்பவில்லை.

ஜெபராஜ் கீபோர்டின் சுவிட்சை அணைக்கப் போனான். லிசி தடுத்தாள்.

"அணைச்சிடாதீங்கண்ணே. இதோ வந்துட்டேன்."

உள்ளறையில் அலமாரி திறந்தது. அவள் இன்ஹேலரைக் குலுக்கும் சத்தம் கேட்டது.