முட்டுக்கட்டை

படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் எழுத்தர் 'கூலி' என்று எழுதியதும் கலியமூர்த்தி தடுத்தார்.

"அதை அடிச்சிட்டு, முட்டுக்கட்டை போடுறவர்னு எழுதுங்க சார்."

எழுத்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த ஆபீஸ்ல பாதிப்பேர் அதைத்தான் பண்றோம். நீங்க எதுக்குப் போடுறீங்க?"

"தேருக்கு."

"அது வருஷத்துல ஒரு நாள். மத்த நாளெல்லாம் மூட்டைதானே தூக்குறீங்க?"

"அது சோத்துக்கு சார். தேரை இழுக்க ஊரே வரும். சக்கரத்துக்கு அடியில கட்டையைக் கொடுத்து நிறுத்த நாங்க நாலு பேர்தான். போன வருஷம் தெக்கு வீதி முக்குல தேர் ஜனங்க மேல திரும்புச்சே, அன்னைக்கு வலது சக்கரம் என்னோடது."

எழுத்தரின் சிரிப்பு நின்றது. அந்த முக்கில்தான் அன்று அவர் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சக்கரம் ஒரு முழம் தள்ளி நின்றது. புழுதிக்குள் அவர் கண்டது, கட்டையைத் தள்ளிய ஒரு கையை மட்டும்தான். அதில் மூன்றே விரல்கள்.

அந்தக் கை இப்போது படிவத்தை அவர் பக்கம் நகர்த்தியது.

எழுத்தர் 'கூலி'யை அடித்தார். அதற்கு மேலே 'மு' என்று தொடங்கினார்.

"பாத்து எழுதுங்க சார்," என்றார் கலியமூர்த்தி. "ரெண்டு எடத்துலயும் 'ட்' வரும்."