அழித்த வரி

“அம்மா, ஒருத்தங்க பேரை அழிச்சா அவங்களுக்கு வலிக்குமா?”

பெரியம்மா மகள் கொடுத்த பழைய நோட்டின் அட்டையில் இருந்த பெயரை ரப்பரால் தேய்த்துக்கொண்டே பிரவீனா ஒருநாள் கேட்டாள். “படிக்கிற வேலையப் பாரு சாமி” என்று சொல்லிவிட்டு சித்ரா அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். பதில் சொல்லாமல் விட்ட அந்தக் கேள்வி இன்றைக்கு ஆபீஸ் வரைக்கும் வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு மெயில் திறந்திருந்தது. அதன் முதல் வரியில் கண்ணுசாமியின் பெயர். மேசையில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே ஆறிக் கிடந்தது.

ராசிபுரத்தில் ஒரு நெய்க் கடைக்கு மேலே இருந்தது அந்தச் சின்ன ஆபீஸ். கோழிப் பண்ணைகளில் வெயிலுக்குத் தக்கபடி மின்விசிறிகளைத் தானாக ஓட்டும் புரோகிராம் எழுதுவது அவர்கள் தொழில். அதில் யார் எதைத் திருத்தினாலும் மெயிலில் அனுப்புவார்கள். அந்த மெயிலிலிருந்து திருத்தத்தையும், எழுதியவர் பெயரையும் பிரித்தெடுத்துப் பதிவில் ஏற்றுவது சித்ராவின் வேலை.

பக்கத்து இருக்கையிலிருந்து கோகுல்ராஜ் சோம்பல் முறித்தபடி எழுந்தான்.

“ஏனுங்க்கா, வெண்ணந்தூர் பண்ணைக்காரரு மத்தியானம் போன் பண்ணுனாராட்ட இருக்குது?”

“ஆமா. நம்ம பெரிய சாரோட நம்பரக் கேட்டாரு, குடுத்தேன்.”

“பாராட்டத்தான் இருக்கும். போன வாரம் கண்ணுசாமி அண்ணன் எழுதுன திருத்தத்தைப் போட்டதும் பண்ணையே குளுகுளுன்னு இருக்குதுன்னு சிரிச்சாரே.”

சித்ரா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். “கோகுலு, அந்தத் திருத்தத்தை மத்த பண்ணைக்கு இப்ப அனுப்ப வேண்டாம்.”

“சரிங்க்கா. பெரிய சாரும் மெசேஜ் போட்டிருக்காருங்க. அதை எழுதுனவங்க பேரு சாயங்காலத்துக்குள்ள வேணுமாம். அண்ணன் காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதில்லைங்க? இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாருபோல.” கதவருகே நின்று சிரித்தான். “டீம் லீடர் வேலைக்கு உங்க பேரும் அடிபடுது. ஆசையில பேரை மாத்திக்கீத்திப் போட்டுராதீங்க. டீ குடிச்சுட்டு வாரேனுங்க.”

படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப்போனது. ஆபீஸில் சித்ரா மட்டும் இருந்தாள்.

வெண்ணந்தூரில் அவசரமாகப் போட்ட அந்தத் திருத்தம் இன்னும் பதிவில் ஏறவில்லை. கண்ணுசாமி எழுதியதைச் சரிபார்த்து ஆபீஸின் பொது மெயில் பெட்டிக்கு அனுப்பியவள் அவள்தான். ஆகவே மெயிலின் தலைப்பில் அனுப்பியவர் என்று அவள் பெயர் இருந்தது. உள்ளே முதல் வரியில் எழுதியவர் பெயர் இருந்தால், பிரித்தெடுக்கும் புரோகிராம் அதையே எடுத்துக்கொள்ளும். அந்த வரி இல்லையென்றால், அனுப்பியவரே எழுதியவர் ஆகிவிடுவார். ஒரு வரிதான்.

கண்ணுசாமி அன்றைக்கு ஊரில் இல்லை. மகனுக்கு மொட்டை போடக் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார். போன் அணைந்திருந்தது. படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு வெளியூரில் வேலை தேட முடியாத மனிதர். இந்த வேலை நிலைக்குமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

சித்ராவுக்கும் ஒரு காலம் அப்படி இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கைக்குழந்தையாக இருந்த பிரவீனாவுக்கு விடாத காய்ச்சல். கொடுத்த வேலையை முடிக்க முடியாமல், இனி இந்த ஆபீஸ் இல்லை என்று அழுத கண்ணோடு வந்தாள். வேலை முடிந்து, அவள் பெயரிலேயே பதிவில் ஏறியிருந்தது. கண்ணுசாமி உட்கார்ந்து எழுதி, முதல் வரியில் அவள் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார்.

“ஏனுங்கண்ணா இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டதற்கு, “புள்ளைக்கு இப்பத் தேவலைங்களா?” என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அப்படிப்பட்டவரின் பெயர் இப்போது அவள் விரலுக்கு அடியில் இருந்தது.

திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன முருகன் படத்தைப் பார்த்தாள். “மன்னிச்சிரு சாமி” என்று வாய்க்குள் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். புரோகிராமை ஓடவிட்டாள்.

ஒரு கணம்தான். எழுதியவர்: சித்ரா என்று பதிவில் ஏறியது.

கீழே கடையில் வெண்ணெய் உருக்கும் வாசனை ஜன்னல் வழியே வந்தது. சித்ரா நாற்காலியில் சாய்ந்தாள். போன் அடித்தது. பெரிய சார்.

“பேரு கெடச்சுதாம்மா?”

“கெடச்சுதுங்க சார்.”

“யாரு? கண்ணுசாமியா?”

“இல்லீங்க சார். வெண்ணந்தூர்ல ஃபேன் நின்னு கோழியெல்லாம் செத்தது, நான் எழுதுனதாலதானுங்க.”