சிரில் பிம் இறந்த பிறகு

சிரில் பிம் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய தம்பி ஏர்னஸ்ட் கறுப்பு டை, கறுப்புத் தொப்பியோடு லண்டன் ஒலிக் காப்பகத்தில் வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் மரண அறிவிப்பு வந்த பத்திரிகை.

காப்பகப் பொறுப்பாளர் பெரில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அறுபதுகளில் பாப் பாடகர்களுக்கு மானேஜராக இருந்த சிரில் கொடுத்த பேட்டி மட்டும் பதினோரு ஒலிநாடா. அத்தனையையும் கேட்டுத் தட்டச்சு செய்தவள் அவள். அதில் அந்த மனுஷன் உண்மை பேசியது தன் பெயரைச் சொன்னபோது மட்டும்தான்.

"அவன் உளறினதெல்லாம் எனக்கு வேணாம்மா," என்றார் ஏர்னஸ்ட். "டெரி லார்க் பேசின நாடா ஒண்ணு இருக்காமே? சிரில் செத்தப்புறம்தான் திறக்கணும்னு எழுதிக் குடுத்தானாமே?"

"இருக்கு. ஆறு வருஷமா பூட்டியே கிடக்கு."

"எங்கண்ணனைப் பத்தி அதுல என்ன சொல்லியிருக்கான்னு தெரியணும்."

சொல்வதற்கு நிறையவே இருந்தது. 1964-இல், சிரிலிடம் இருந்த இளம் பாடகன் டெரியின் இசைத்தட்டு விற்காமல் கடைகளில் தூங்கிக்கொண்டிருந்தது. டெரி பிரைட்டன் ஊர்க் கடலில் மூழ்கிவிட்டான் என்று சிரில் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டு, பையனை ஓர் ஓட்டல் அறையில் ஒளித்துவைத்தார். நாலே நாளில் தட்டு விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. நாடே அழுதது, டெரியின் அம்மாவும் சேர்த்து. அவளிடம் விஷயத்தைச் சொல்ல சிரில் மறந்துவிட்டார்.

"மறந்துட்டாராம்!" என்றாள் பெரில். "ஏழாவது நாடால சொல்றார், அச்சுல வந்துட்டா அது நடந்த மாதிரிதானாம்."

"விஷயம் தெரிஞ்சதும் அந்தம்மா வாணலியால அவன் மண்டையில ஒண்ணு போட்டாளே, அதைச் சொன்னானா?"

"அதை மட்டும் சொல்லலை."

"சொல்ல மாட்டான்." ஏர்னஸ்ட் தொப்பிக்கு மேலேயே தலையைத் தடவிக்கொண்டார்.

அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவன்தான் டெரி. பாட்டை விட்டுவிட்டு, விட்பி என்ற கடலோர ஊரில் மீன் வறுவல் கடை வைத்தான். முப்பத்தைந்து வருஷமாக சிரிலோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை போகும். பிரிக்காமலே திரும்பி வரும்," என்றார் ஏர்னஸ்ட். "சொந்தப் பிள்ளை மாதிரி வெச்சிருந்தான்மா. பையன் இன்னும் வெறுக்கறானா இல்லையான்னு தெரிஞ்சா போதும்னு புலம்புவான்."

அவர் குரல் உடைந்தது. பிம் குடும்பத்தின்மேல் பெரிலுக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது.

"இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தீங்களா?"

"இன்னும் கைக்கு வரலைம்மா. இழுத்தடிக்கறாங்க."

பெரில் பத்திரிகையை இன்னொரு தடவை பார்த்தாள். "சரி விடுங்க, அதான் பேப்பர்லயே வந்துடுச்சே," என்று முத்திரையைக் கிழித்து நாடாவை மாட்டினாள்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு டெரியின் கரகரத்த குரல்.

"எங்கம்மா போன வருஷம் போயிட்டாங்க. கடைசி நாள்ல, 'அந்தப் போக்கிரியை நான் மன்னிச்சுட்டேன், நீயும் மன்னிச்சுடுடா'ன்னாங்க. நானே போய்ச் சொல்ல மனசு வரலை. அதான் இப்படிப் பூட்டி வெக்கறேன். அந்த வாணலியிலதான் இப்போ மீன் வறுக்கறேன். யாரையும் அடிக்கறதில்லை."

ஏர்னஸ்டின் கை தொப்பிக்குப் போனது. நாடா சற்று நேரம் சும்மா ஓடியது. பெரில் நிறுத்தப் போனாள். அதற்குள் டெரியின் குரல் மறுபடி வந்தது, தொப்பிக்காரரை நேரே பார்த்துப் பேசுவது போல.

"செத்தது போதும் சிரில், வெள்ளிக்கிழமை சாப்பிட வா."